மின்கம்பி எட்டாத வீட்டில் இருபது பேர்

ஸ்காட்லாந்து அரசு 2022இல் குறுகியகால வாடகை வீடுகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது சில வகைக் கட்டடங்களுக்கு விலக்குக் கொடுத்தது. அவற்றில் ஒன்று 'பாத்தி' என்று அங்கே அழைக்கப்படும் மலைக்குடில். விலக்கு என்றால் வரையறை வேண்டுமே, எழுதினார்கள். இரண்டு தளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஊர் மின்சாரம், குழாய் எரிபொருள், பொதுக் குடிநீர்க் குழாய் எதுவும் வந்திருக்கக் கூடாது. பொதுச்சாலையிலிருந்தும், குடியிருக்கத்தக்க அடுத்த வீட்டிலிருந்தும் 100 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். என்னென்ன கிடையாது என்பதைக் கொண்டே ஒரு வீட்டுக்கு இலக்கணம் சொன்ன சட்டம் வேறு எங்காவது இருக்கிறதா என்பதைச் சட்டம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் குடிலுக்கு ஒருபடி மேலே இருப்பது 'பங்க்ஹவுஸ்'. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள், பொதுச் சமையலறை, நனைந்த உடுப்பையும் பூட்ஸையும் காயப்போட ஓர் அறை, எல்லாரும் சுற்றி உட்கார ஒரு விறகடுப்பு. தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். மொத்த வீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் மலைப்பகுதிகளில் இப்படிப்பட்ட விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் உண்டு, வாசல்வரை காரும் போகும். மின்கம்பி போகாத, சில இடங்களில் தார்ச்சாலையும் போகாத ஒரு சிறுபான்மை இருக்கிறது. அங்கே பத்து, பதினைந்து, இருபது பேராகப் போய்த் தங்குவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தனிமை, இருட்டு, நட்சத்திரம் என்று தொடங்குவார்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. மூன்றும் அங்கே நிறையவே உண்டு. ஆனால் அந்த வீடுகளின் தலையெழுத்தை நிர்ணயிப்பது வருகிறவர்களின் தலைக்கணக்கு. கூட்டம் வராவிட்டால் வீட்டை மூட வேண்டியதுதான். வந்துவிட்டாலோ தண்ணீர், பேட்டரி, விறகு, கழிப்பறை எல்லாம் ஒரே இரவில் திணறுகின்றன. கூட்டத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளாக வெவ்வேறு பதில்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் முழுப் பதிலாக இல்லை.

முதல் பதில் ஜெர்மனியில் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயலில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை இப்படிப் பயன்படுத்தினால் என்ன என்ற யோசனை அங்கே வந்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறந்தது. 1930இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கும், 1931இல் ஸ்காட்லாந்துக்கும் இளைஞர் விடுதிச் சங்கங்கள் ஏற்பட்டன. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். நடந்தோ சைக்கிளிலோ வர வேண்டும். காலையில் கிளம்புமுன் ஆளுக்கு ஒரு வேலை: ஒருவர் தரையைப் பெருக்குவார், ஒருவர் விறகு பிளப்பார், ஒருவர் உருளைக்கிழங்கு சீவுவார். வேலையை முடித்துக் காட்டினால்தான் உறுப்பினர் அட்டை கைக்கு வரும். பின்னாளில் இந்த வழக்கம் கைவிடப்பட்டது. காசு கொடுத்துவிட்டு வேலையும் செய்வதா என்று புதிய தலைமுறை கேட்டது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த அரைமணி நேர வேலைதான் விடுதியின் செலவைக் குறைத்தது என்பதும், முன்பின் அறியாதவர்களை ஒரே வீட்டுக்காரர்களாக மாற்றியது என்பதும், அது போனபிறகே பலருக்குப் புரிந்தது.

இதே முப்பதுகளில் ஸ்காட்லாந்தில் இன்னொரு ஓட்டம். பெருமந்தத்தில் கிளைட் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளங்களில் வேலையிழந்த இளைஞர்கள் வார இறுதிகளில் மலைக்குப் போகத் தொடங்கினார்கள். குகையிலும் கொட்டகையிலும் படுத்தார்கள். அந்தக் காலத்து மலைவாசத்தை அலஸ்டெயர் போர்த்விக் 1939இல் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். மலைகளிலும் மெல்லக் காலி வீடுகள் பெருகின. ஜீப்பும் சாலையும் வரவர, மேய்ப்பர்களும் மான் காவலர்களும் தொலைவிலிருந்த தங்கள் கல்வீடுகளை விட்டு இறங்கினார்கள். கூரை சரிந்துகொண்டிருந்த அந்த வீடுகளை நடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1965இல் பெர்னார்ட் ஹீத் முதலிய சிலர் சேர்ந்து மலைக்குடில் சங்கத்தைத் தொடங்கினார்கள். காலோவே மலைகளில் டன்ஸ்கீன் என்ற வீடுதான் அவர்கள் முதலில் செப்பனிட்டது. இன்று நூறு குடில்களுக்கு மேல் பராமரிக்கிறார்கள். அநேகமாக எதுவும் அவர்களுக்குச் சொந்தமில்லை. நிலப்பிரபுவின் வீடு, தன்னார்வலர்களின் உழைப்பு, வருகிறவருக்கு இலவசம். முன்பதிவு இல்லை, பூட்டு இல்லை.

பூட்டு இல்லாத வீட்டுக்கு விதி மட்டும் உண்டு. ஆறு பேரோ அதற்கு மேலோ உள்ள குழு வரக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்து வருபவர்களுக்கும் இடமில்லை. காரணம் எளிது. பத்துப் பேர் படுக்கக்கூடிய வீட்டுக்கு எட்டுப் பேர் ஒன்றாக வந்து இறங்கினால், இருட்டியபின் மழையில் வந்து சேரும் ஒற்றை ஆளுக்கு வாசல் திறந்திருந்தும் வீடு மூடியதுபோலத்தான். கூட்டமாக வருபவர்களுக்குத் தங்களுக்குள் பேச ஆள் இருப்பதால், ஏற்கனவே உள்ளே இருப்பவரை மறந்துவிடும் சுபாவமும் உண்டு. 2017இல் ஜெஃப் ஆலன் ஸ்காட்லாந்துக் குடில்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டபோது, பழைய நடைக்காரர்களில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள். ரகசியம் போய்விட்டது, இனிக் கூட்டம் வரும், குப்பை சேரும் என்றார்கள். சங்கமே 2009வரை குடில்களின் இருப்பிடத்தை வெளியிடாமல்தான் வைத்திருந்தது. ஒரு வீட்டைத் தெரியாமல் வைத்திருப்பதுதான் அதைக் காக்கும் வழி என்றால், அந்த வீடு பொதுவானது என்று எப்படிச் சொல்வது? அந்த முகச்சுளிப்பில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

குடிலில் இடமில்லாத குழுவுக்கு பங்க்ஹவுஸ் கதவைத் திறந்தது. சில வீடுகளை நெருங்கிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஸ்கிட்டா மலைக்குப் பின்புறம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஸ்கிட்டா ஹவுஸ். 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காகக் கட்டியது. வரிசையாக நட்ட சில மரங்களைத் தவிர சுற்றிலும் புல்லும் புதரும்தான். 1922இல் ஒரு மாதம் இருக்க வந்த மேய்ப்பர் ஒருவர் 1969வரை அங்கேயே இருந்துவிட்டார். வார இறுதியில் மட்டும் இறங்கி உறவினர் வீட்டுக்குப் போய்வருவாராம். இன்று அது விடுதி. பிரிட்டனிலேயே மிக உயரத்தில் உள்ள விடுதி என்று பெயர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சாலையில் இறங்கி ஐந்து கிலோமீட்டர் அளவுக்காவது நடக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் லாக் ஒசியன் விடுதிக்குச் சாலையே கிடையாது, ரயில் மட்டும் உண்டு. நாட்டின் முதன்மை ரயில்பாதைகளிலேயே உயரமான கோரூர் நிலையத்தில் இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் ஏரிக்கரையில் அந்த மரவீடு. படகுத்துறைக் கட்டடமாக இருந்ததை 1931இல் விடுதியாக்கினார்கள். மின்சாரம் காற்றாலையிலிருந்தும் சூரியத் தகட்டிலிருந்தும். 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்' படத்தில் நண்பர்கள் வந்து இறங்கி, நாலடி நடந்துவிட்டு அலுத்துத் திரும்புவது இந்த நிலையத்தில்தான். கிளென் அஃப்ரிக் விடுதி இன்னும் கடுமை. சாலை முடியும் இடத்திலிருந்து 13 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள்.

மலையில் தங்குமிடம் இருப்பது நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைக்கத் தோன்றும். வந்தது. 1971 நவம்பரில் எடின்பரோப் பள்ளி மாணவர்கள் ஆசிரியர் துணையோடு கெய்ர்ன்கார்ம் பீடபூமியைக் கடக்கப் போனார்கள். வேகமாக நடப்பவர்கள் ஒரு குழு, மெதுவாக நடப்பவர்கள் ஒரு குழு. இரவுக்கு நம்பியிருந்தது, பீடபூமியின் மேலேயே இருந்த கர்ரன் என்ற சிறு குடிலை. பனிப்புயல் வந்தது. முதல் குழு குடிலைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்து தப்பித்தது. இரண்டாவது குழு போய்ச் சேரவில்லை. திறந்தவெளியில், பனிக்குள் இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும் 18 வயதுப் பயிற்சி உதவியாளர் ஒருவரும் இறந்துபோனார்கள். பிரிட்டனின் மலையேற்ற வரலாற்றில் அதைவிட மோசமான விபத்து நடந்ததில்லை.

அதன்பின் நடந்த வாதம் இன்றும் படிக்கத் தகுந்தது. குடில் இருந்ததால்தான் முதல் குழு பிழைத்தது என்றார்கள் சிலர். குடில் வரைபடத்தில் இருந்ததால்தான் அந்தக் காலநிலையில் அவ்வளவு உயரத்துக்குக் குழந்தைகளை அழைத்துப்போகும் துணிவே வந்தது என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் உண்மை. தனியாளுக்கு அடைக்கலமாக இருக்கும் ஒரு கூரை, குழுவுக்கு இலக்காகிவிடுகிறது. இலக்கு வைத்த குழு திரும்பி வருவதற்குத் தயங்கும். அதன் வேகமோ மிக மெதுவானவரின் வேகம். 1975இல் கர்ரன், செயின்ட் வலரி என்ற இரண்டு உயர்மலைக் குடில்களையும் இடித்து அகற்றினார்கள். குழுவோடு போகிறவர்கள் பள்ளத்தாக்கில் உள்ள வீட்டைத் தேடுவதே முறை என்று இன்று ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கு வீட்டிலும் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அவசர எண்ணான 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி பிரிட்டனில் உண்டு. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம். வந்து தூக்கிச் செல்லும் மலைமீட்புக் குழுவினர் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், கணுக்கால் பிசகினால் என்ன செய்வது என்ற பேச்சை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். இந்த வீடுகளைப் பற்றிய தவறான எண்ணங்களில் பாதி இங்கே இருக்கிறது. கம்பி இல்லை என்றால் விளக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். விளக்குக்கு இப்போதெல்லாம் ஒன்றுமே செலவாகாது. ஐந்து வாட் எல்.இ.டி. பத்து விளக்கு, ஆறு மணி நேரம் எரிந்தால் 300 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருபது பேரும் தத்தம் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினால் அதுவும் ஏறக்குறைய 300. ஆக, வீட்டின் மொத்த வெளிச்சமும் இருபது கைபேசியும் சமம். ஒரே ஒருவர் பத்து நிமிடம் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்தால் அதுவும் 300தான். தேநீர்தான் விவகாரம். இருபது பேர், நாளுக்கு நான்கு கோப்பை என்றால் 20 லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும். மின்கெண்டியில் வைத்தால் இரண்டு யூனிட்டுக்கு மேல் போய்விடும். மின்சார ஷவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆளுக்கு ஆறு நிமிடம் குளித்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட். இருபது பேர் குளித்து முடிப்பதற்குள் ஒரு சிறு விடுதியின் பேட்டரி அறை முழுவதும் காலி. வெளிச்சத்துக்குப் பஞ்சம் வராது, வெப்பத்துக்குத்தான் வரும். எனவே அனுபவமுள்ள விடுதிக்காரர்கள் விளக்குக்கும் சார்ஜருக்கும் மட்டும் மின்சாரம் வைத்துக்கொண்டு, சமையலுக்குச் சிலிண்டர், வெந்நீருக்கு விறகு என்று பிரித்துவிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் கணக்கு இன்னும் இறுகும். டிசம்பரில் ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பகல் ஆறரை மணி நேரம்தான், அதிலும் சூரியன் அடிவானத்தை உரசியபடியே போய்விடும். ஜூனில் தகடு தருவதில் சிறு பங்குதான் அப்போது தேறும். காற்றும் ஓடை நீரும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன, ஏனெனில் அவை இரண்டுக்கும் குளிர்காலம்தான் பருவம்.

ஒரு தீவே இந்தக் கணக்கைப் போட்டு வாழ்கிறது. மேற்குக் கரையை ஒட்டிய எய்க் தீவில் சுமார் நூறு பேர். 1997இல் தீவை நிலப்பிரபுவிடமிருந்து மக்களே விலைக்கு வாங்கினார்கள். அதுவரையிலும், அதற்குப் பிறகும் சில காலம், வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரி 1 அன்று ஓடைநீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்த சொந்த மின்வலையை இயக்கத் தொடங்கினார்கள். விதி ஒன்றுதான்: ஒரே நேரத்தில் வீட்டுக்கு 5 கிலோவாட், தொழிலகத்துக்கு 10 கிலோவாட். அதற்கு மேல் இழுத்தால் உங்கள் வீட்டு இணைப்பு மட்டும் அறுந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் மிதமிஞ்சி வரும் நாட்களில் அது பொதுக்கூடம் போன்ற இடங்களைச் சூடேற்றப் போகிறது. மொத்தமாக எவ்வளவு எரித்தீர்கள் என்பதற்கு மேலாக, ஒரே சமயத்தில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை வரம்பாக வைத்ததில்தான் அந்தத் தீவின் சாமர்த்தியம். குழுவாகத் தங்குபவர்களுக்கும் இதுவே பிரச்சினை. இருபது பேருக்கு மொத்தமாக ஆகும் செலவு ஒருவேளை தாங்கக்கூடியதுதான். மாலை ஆறு மணிக்கு இருபது பேரும் ஒன்றாக வந்து ஈர உடையோடு நிற்பதைத்தான் எந்த வீடும் தாங்குவதில்லை.

அந்த ஆறு மணியைச் சமையலறையில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்பு காலியாக இருந்த இடம். இப்போது கதவுக்குள் நாற்பது பூட்ஸ். ஒன்றின் நாக்கு மற்றொன்றின் வாய்க்குள். கண்ணாடி அணிந்தவர்கள் எல்லாருக்கும் கண்ணாடி பனித்து, ஒருவரும் ஒருவரையும் பார்க்க முடியாமல் நிற்கிறார்கள். எரிவாயு அடுப்பில் நான்கு பர்னர்கள். ஒன்றில் தேநீருக்குத் தண்ணீர், ஒன்றில் பாஸ்தாவுக்குத் தண்ணீர். இரண்டுமே மூடியில்லாத பாத்திரம், இரண்டிலும் ஆவி. ஜன்னலில் நீர் வழிகிறது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காலுறைகள், அவற்றில் ஒன்று எப்போது குழம்பில் விழும் என்பதுதான் கேள்வி. குளிர்சாதனப் பெட்டி இல்லை. பால் வெளியே, கல்லிடுக்கில், எலி எட்டாத தகர டப்பாவில். யாரோ ஒருவர் முப்பது வெங்காயத்தை முன்னால் வைத்துக்கொண்டு நெற்றி விளக்கோடு குனிந்திருக்கிறார். நம்மவர்கள் கொண்ட குழுவாக இருந்தால் பையிலிருந்து குக்கர் வெளியே வரும். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிலிண்டர் கணக்கு தெரியாதவர்கள். மூடி அழுத்திச் சமைப்பதுபோல் எரிவாயுவை மிச்சம் பிடிக்கும் முறை வேறில்லை, ஜன்னலில் ஆவியும் குறையும்.

பாத்திரம் கழுவுவதில் ஒரு வரிசைமுறை உண்டு. வெந்நீர் ஒரு தொட்டிதான். முதலில் கண்ணாடிக் குவளைகள், பிறகு கரண்டிகள், பிறகு தட்டுகள், கடைசியாக எண்ணெய்ச் சட்டி. இதை மாற்றிச் செய்தால் இன்னொரு தொட்டி வெந்நீர், இன்னொரு கட்டு விறகு. பல விடுதிகளில் இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். எழுதாதது, அதை யார் செய்வது என்பது. குழுவில் மூன்று பேர் எல்லா வேலையையும் செய்வார்கள், மற்றவர்கள் 'நானும் வரட்டுமா' என்று நெருப்பின் அருகிலிருந்து கேட்பார்கள். அந்த மூன்று பேர் பெரும்பாலும் யார் என்பதை வாசகர் ஊகிக்கலாம்; கலப்புக் குழுவாக இருந்தால் ஊகம் தவறுவது அபூர்வம். பழைய இளைஞர் விடுதிகளின் காலை வேலைப் பட்டியலை நான் மரியாதையோடு நினைப்பது இதனால்தான். அட்டை கையில் கிடைக்க வேண்டுமென்றால் எல்லாரும் துடைப்பத்தைத் தொட்டாக வேண்டியிருந்தது.

விறகைப் பற்றிச் சுருக்கமாக. நன்கு காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் நான்கு யூனிட் வெப்பம் தரும்; ஈர விறகு ஏறக்குறைய பாதிதான் தரும், புகைபோக்கியில் தாரும் படியும். எட்டு கிலோவாட் அடுப்பு ஒரு மாலை முழுவதும் எரிந்தால் பதினைந்து கிலோ வேண்டும். இங்கிலாந்தில் 2021 முதல் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சாலையில்லாத வீட்டுக்கு அந்த விறகை யாராவது ஏற்றிக்கொண்டு வந்தாக வேண்டும். சுற்றியுள்ள மரத்தை வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த மலைகளில் மரமே அபூர்வம், இருப்பதும் யாருக்கோ சொந்தம். இன்னொன்று: நெருப்பு அணைந்தபின் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கிக்கொண்டு தூங்குவது, ஜன்னலை அடைத்துக்கொண்டு கரி மூட்டுவது, இரண்டும் கார்பன் மோனாக்சைடுக்குக் கதவு திறப்பது. மணமில்லாத வாயு, எச்சரிக்கைக் கருவி இல்லாத விடுதியில் குழுவோடு தங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தண்ணீர் பெரும்பாலும் ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வருகிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும். மேலே எங்கோ ஒரு செம்மறியாடு செத்துக் கிடக்கலாம். எனவே முதலில் வடிகட்டி, அதன்பின் புறஊதா விளக்கு. அந்த விளக்குக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். பேட்டரி காலியானால் வெளிச்சம் மட்டுமின்றிக் குடிநீரும் போய்விடுகிறது. சார்ஜர்களை அளவோடு பயன்படுத்தச் சொல்லும் அறிவிப்புக்குப் பின்னால் உள்ள காரணம் விருந்தினருக்குச் சொல்லப்படுவதே இல்லை. கழிப்பறைக் கதையும் இதே போக்குத்தான். நான்கைந்து பேர் குடும்பத்துக்கு ஏற்ற செப்டிக் டேங்கில் இருபது பேர் இரண்டு நாள் இருந்தால் கசடு படிய அவகாசம் கிடைக்காமல் அப்படியே வெளியேறும். அதில் நாற்றம் போகட்டும் என்று ஒருவர் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றினால், உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களும் செத்துப்போகும். உலர் கழிப்பறைகளில் மரத்தூள் போடுவார்கள். குளிரில் மட்குவது மெதுவாக நடக்கும். கெய்ர்ன்கார்ம் கணவாயில் 1877இல் கட்டிய கோரூர் குடிலில் (ரயில் நிலையம் வேறு, இது வேறு) ஒரு கழிப்பறை உண்டு. நிறைந்த பைகளை மாற்றுவது மலைக்குடில் சங்கத்துத் தன்னார்வலர்கள். மலையை நேசிப்பதாகச் சொல்பவர்கள் பலர். பை மாற்றுபவர்கள் சிலர். மற்றக் குடில்களில் பெரும்பாலும் ஒரு மண்வெட்டி சுவரில் சாய்ந்து நிற்கும், தூரமாகப் போய்க் குழி தோண்ட வேண்டியதுதான்.

இத்தனையும் படித்துவிட்டுச் சுகமான ஒரு 'இயற்கை விடுதி'யைத் தேடுபவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு புது வகை முளைத்திருக்கிறது: மின்கம்பி இல்லை என்ற விளம்பரமும், வாசலில் வெந்நீர்த் தொட்டியும் ஒன்றாகக் கிடைக்கும் வீடு. இருபது பேர் வெந்நீரில் ஊறுவதற்கான வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், பின்புறக் கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். டீசல் வைத்திருப்பது குற்றமில்லை. எய்க் தீவிலும் அவசரத்துக்கு வைத்திருக்கிறார்கள். மறைத்து வைப்பதுதான் உறுத்துகிறது. அளவைச் சொல்லாத வீட்டில் தங்குபவர் அளவு தெரியாமல்தான் நடந்துகொள்வார்.

கடைசியாகக் காசு. சாலையில்லாத விடுதியை ஆண்டு முழுவதும் ஒற்றை நடைக்காரர்களை நம்பி நடத்த முடியாது. ஜனவரியில் செவ்வாய்க்கிழமை இரவு யார் வருவார்? காப்பீடு, தண்ணீர்ச் சோதனை, தீத்தடுப்பு, பேட்டரி மாற்றம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மொத்த வீட்டையும் வார இறுதிக்கு எடுத்துக்கொள்ளும் குழுதான் அதைக் கொடுக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு, முன்பின் தெரியாதவர்களோடு ஓர் அறையில் படுக்கத் தயங்கியவர்களுக்கும் இதுவே வசதியாகப் போயிற்று. விளைவு, பல சிறு விடுதிகள் ஆண்டின் பெரும்பகுதி குழுக்களுக்கு மட்டுமே. ஒரு கட்டிலுக்காகக் கேட்பவருக்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னான உச்சகாலத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் இளைஞர் விடுதிச் சங்கத்திடம் ஏறக்குறைய 300 விடுதிகள் இருந்தன; இன்று அதில் பாதி அளவுதான். 2023இல் மட்டும் 20 விடுதிகளை விற்பனைக்கு வைத்தார்கள். குழு வராமல் வீடு பிழைக்காது. குழு மட்டுமே வந்தால், அது யாரோ ஒரு கூட்டத்தின் வாரவிடுமுறை வீடாகிவிடும், மழையில் வந்த அந்நியருக்கு இடம் கொடுத்த விடுதி என்பது வரலாறாகும்.

ஷிர்மன் மாணவர்க் கூட்டத்துக்காகத் தொடங்கியதுதானே, கூட்டத்திடமே திரும்பிப் போனால் என்ன என்று கேட்கலாம். அவர் நினைத்த கூட்டம் காசில்லாத குழந்தைகள். இன்று வார இறுதியை மொத்தமாக எடுப்பவர்கள் பெரும்பாலும் பிறந்தநாளுக்கு வரும் நடுவயதுக்காரர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பணத்தில்தான் கூரை நிற்கிறது. ஆனால் பள்ளிக் குழுவுக்கும் ஒற்றை நடைக்காரருக்கும் நாட்களை ஒதுக்கிவைக்க யாராவது ஒருவர் பிடிவாதமாக இருக்க வேண்டும். லாபக் கணக்குப் பார்க்கும் உரிமையாளரிடம் அந்தப் பிடிவாதத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

ஊர்க்காரர்களிடம் அது இருக்கிறது. நாய்டார்ட் தீபகற்பத்துக்கு மல்லெய்க்கிலிருந்து படகில் போக வேண்டும், இல்லையென்றால் மலை தாண்டி நடக்க வேண்டும். நாட்டின் மின்வலையோடு இணைப்பில்லை. சொந்த நீர்மின் நிலையம். 1999இல் நிலத்தை வாங்கிய சமூக அறக்கட்டளையே அங்கே ஒரு பங்க்ஹவுஸ் நடத்துகிறது. வேல்ஸின் நடுப்பகுதியில் டோல்கோக், டின்கார்னல் என்று இரண்டு பழைய பண்ணைவீடுகள். இளைஞர் விடுதிச் சங்கம் அவற்றைக் கைவிடும் நிலை வந்தபோது, அங்கே தங்கிப் பழகியவர்கள் எலெனித் என்ற மலைப்பகுதியின் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்து எடுத்துக்கொண்டார்கள். டோல்கோக்குக்கு மின்கம்பி இன்னும் வரவில்லை. இரண்டு வீட்டிலும் குழுவாகவும் பதியலாம், ஒரு கட்டிலுக்கும் பதியலாம். சம்பளத்துக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்பதால் மேற்பார்வையையும் தன்னார்வலர்களே முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.